ஏமஸ் கார்சைடைத் தெரிந்தவர்

அந்த வருஷத்தின் கடைசி டிக்கிச் சந்தை அது. அக்டோபர் போனால் வயலெல்லாம் சேறாகிவிடும், பிறகு ஈஸ்டர் வரைக்கும் யாரும் கடை விரிக்க மாட்டார்கள். அதனால் வெளிச்சம் வருவதற்கு முன்பே என் புருஷன் நெவில் என்னைக் கிளப்பிவிட்டான். ஸ்கிப்டன் ஊரைத் தாண்டி மாட்டு வயலுக்குள் கார் இறங்கியபோது பனி புல்லோடு அப்பிக் கிடந்தது. வரிசை வரிசையாகக் கார்கள் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றன. பரணில் கிடந்தது, செத்தவர் அலமாரியில் இருந்தது, பிள்ளைகள் வேண்டாமென்று விட்டுப்போனது என்று எல்லாம் மடக்கு மேசைகளுக்கு வந்திருந்தன. ஓரத்து வண்டியில் பன்றி இறைச்சி வறுபடும் வாசனை. நான் வருவதே அதை வைத்துத் தரும் பன்னுக்கும் சூடான டீக்கும்தான், சத்தியமாக வேறொன்றுமில்லை.

நெவில் வருவது பழைய தச்சுச் சாமான்களுக்கு. உளி, ரம்பம், முழக்கோல், எல்லாவற்றுக்கும் மேலாக மரத்தில் செய்த பழைய இழைப்புளிகள். அவனுக்கு ஒரு பலகையைக்கூட ஒழுங்காக இழைக்கத் தெரியாது. வாங்குவான், துடைப்பான், எண்ணெய் போடுவான், கராஜ் அலமாரியில் அடுக்கிவிட்டு நின்று பார்ப்பான், அவ்வளவுதான். எங்கள் வாசல் கதவு ஈரத்தில் ஊதிக்கொண்டு தோளால் முட்டினால்தான் திறக்கும். கல்யாணமான புதிதிலிருந்து, இந்த வருஷம் இழைத்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் முட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாமான் வாங்குவதில் அவனிடம் ஒரு வித்தை உண்டு. எங்கள் பக்கத்துத் தச்சர்கள் இழைப்புளி வாங்கியதும், தங்கள் பெயரை வெட்டிய இரும்பு அச்சை அதன் மூக்கில் வைத்துச் சுத்தியலால் ஒரு அடி அடித்துப் பதித்துவிடுவார்கள். அது அடுத்தவர் கைக்குப் போனால் அவர் பழைய பெயரைச் சுரண்ட மாட்டார், பக்கத்தில் தன் பெயரை அடித்துக்கொள்வார். நெவில் சாமானைக் கையில் எடுத்து அந்தப் பெயரைக் கண்ணால் கவ்விக்கொள்வான். ஒன்றும் தெரியாதவன் மாதிரி கீழே வைத்துவிட்டு ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, பதிந்திருந்த பெயர் ஹோல்ராய்ட் என்றால், அட, இது நம்ம ஹோல்ராய்டோட இழைப்புளி மாதிரி இருக்கே என்று ஆரம்பிப்பான். விற்கிற மகளோ மனைவியோ பூரித்துப்போவார்கள். அப்பாவை உங்களுக்குத் தெரியுமா என்பார்கள். தெரியுமாவா என்று இவன் அளப்பான். அதற்குப் பிறகு விலையாவது மண்ணாவது, தெரிந்தவர் வீட்டுக்குத்தானே போகிறது என்று கண்கலங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

நான் பக்கத்தில் நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் கூசும். காரில் வைத்துத் திட்டித் தீர்ப்பேன். யாருக்கு நஷ்டம், அந்தப் பெண் சந்தோஷமாகத்தானே போனாள் என்று அவன் கேட்பான். நாலு பேர் நடுவில் புருஷன் மானத்தை வாங்க எனக்கு நாக்கு எழும்பாது. அதுதான் என் லட்சணம்.

அன்றைக்கு வேலியோரத்தில், கடைசி வரிசையில், ஒரு சின்னப் பச்சைக் காரின் முன்னால் ஒரு கிழவி நின்றிருந்தாள். ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்று அவளை முழங்கால் வரை மூடியிருந்தது. மேசை நிறையத் தச்சுச் சாமான். எல்லாம் இறந்துபோன தன் வீட்டுக்காரருடையது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், அது நெவில் காதில் விழுந்தது. மேசையின் மூலையில், மற்றதெல்லாம் தள்ளி நிற்க, ஒரு நீள இழைப்புளி துண்டின்மேல் இருந்தது. கருத்து மினுங்கும் மரம். நெவில் அதை எடுத்துப் பார்த்தான். மூக்கில் ஒரே ஒரு பெயர்தான் பதிந்திருந்தது, ஏ. கார்சைட் என்று. என்ன சில்லென்று இருக்கிறது பார் என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு வைத்தான். வழக்கம்போல ஒரு சுற்றுப் போனோம், வழக்கம்போலத் திரும்பி வந்தோம்.

"இது நம்ம கார்சைட் கைப்பொருளாச்சே," என்றான்.

கிழவி கையில் வைத்திருந்த டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"யாரு, ஏமஸா?"

"ஏமஸேதான். ரெண்டு பேரும் ஒண்ணா சுத்தாத ஊரா? அப்படிப்பட்ட மனுஷங்க இனிமே எங்க கெடைக்கப் போறாங்க."

அவள் முகம் பூரிக்கவில்லை. அதில் ஈயாடவில்லை. கோட்டுக் காலரைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் பேரு வில்ஃப், கண்ணு," என்றாள்.

நெவிலின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. மன்னிச்சுக்குங்க, சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பின்னால் அவனுடைய தச்சுச் சாமான் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் பன் தின்றுகொண்டு நின்றிருந்தார்கள். அவர்கள் காதுபட எப்படிச் சொல்வான்?

"ஆமாமா, வில்ஃப் இல்ல. நான் ஏமஸைத்தான் சொல்றேன்," என்றான்.

கிழவி என்னைப் பார்த்தாள். நான் புல்லைப் பார்த்தேன்.

ஏமஸுக்குச் சிநேகிதம் என்று யாருமே இருந்ததாகத் தனக்குத் தெரியாதே என்றாள் அவள். அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது. நீங்கள் அவரைத் தேடி வருவீர்கள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். நெவில் இன்னும் ஒரு படி ஏறினான். வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன், வேலை வேலை என்று நாள் ஓடிவிட்டது என்றான்.

அவள் குனிந்தாள். துண்டை இழைப்புளியின்மேல் போட்டு நாலு பக்கமும் மடித்தாள். தூங்குகிற ஆளை எழுப்புகிற குரலில் அதனிடம் பேசினாள்.

"வந்துட்டாங்க. உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க."

பணத்தை அவள் தொடவில்லை. பொட்டலத்தை நெவில் கையில் வைத்து அழுத்தினாள். "ஏன் இவ்வளவு லேட்டுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிருங்க," என்றாள். பிறகு மிச்சச் சாமானைக் கண்டபடி டிக்கிக்குள் வாரிப் போட்டுக்கொண்டு, மேசையைக்கூட மடக்காமல் விட்டுவிட்டு, கிளம்பிப் போய்விட்டாள்.

பொட்டலத்தைப் பின் சீட்டில் வைத்தோம். வயலைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் கார் மணியடிக்க ஆரம்பித்தது. எங்கள் மகன் தலையில் கட்டிய புதுக் கார், யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கத்தும். முன்னால் நாங்கள் இருவரும் போட்டிருந்தோம். அது பின் சீட்டுக்கு அடித்தது. பாரமான சாமான் இல்லையா என்றான் நெவில். ஓரமாக நிறுத்தி, நான் கையை நீட்டிப் பின் சீட்டு பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

மணி நின்றது.

வீடு வரும்வரை ஆளிவிதை எண்ணெய் வாசனை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. அன்றைக்குக் காரில் நான் அவனைத் திட்டவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. கடைக்குப் போய்விட்டுக் கை நிறையப் பையோடு வந்து, வழக்கம்போல வாசல் கதவைத் தோளால் முட்டினேன். உள்ளே போய் விழப் பார்த்தேன். கதவு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன், வெண்ணெயாக வழவழவென்று இருந்தது. கால்மிதியில் மெல்லிசாக ஒரு மரச்சுருள் கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. நெவிலைக் கட்டிப்பிடித்து, இத்தனை வருஷம் கழித்து ஒருவழியாகப் புத்தி வந்ததே என்றேன். அவன் கதவைப் பார்த்தான், சுருளைப் பார்த்தான்.

"ஆமா, நேத்து இழைச்சேன்," என்றான்.

நான் நம்பிவிட்டேன். அடுப்பில் ஆப்பிள் பை சுட்டுக்கூடக் கொடுத்தேன். அதை அவன் தலையைக் குனிந்துகொண்டே தின்றான்.

பிறகு சமையலறைக் கதவு, பிறகு படுக்கையறைக் கதவு. ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு திறந்தன. எதற்கப்பா எல்லாவற்றையும் இழைக்கிறாய், சரியாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அடுத்த வாரம் பார்த்தால் கதவுகள் இன்னும் இளைத்திருந்தன. தாழ்ப்பாள் சட்டத்துக்கு எட்டவில்லை. வீட்டில் ஒரு கதவையும் தாழிட முடியவில்லை. எந்த அறைக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டது.

ஒரு பிற்பகல் நான் தொட்டி வெந்நீரில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தேன். நெவில் டவுனுக்குப் போயிருந்தான். மழை நின்று வீடு அமைதியாக இருந்தது.

குளியலறைக் கதவு மெல்லத் திறந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். வெளியே ஒருவரும் இல்லை. எண்ணெய் வாசனை மட்டும் உள்ளே வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கதவு அப்படியே நின்றது. பிறகு, உள்ளே ஒரு பெண்பிள்ளை இருப்பதைப் பார்த்துவிட்டவர் பதறிக்கொண்டு இழுத்துச் சாத்துவதுபோல, சட்டென்று மூடிக்கொண்டது.

அந்தக் கூச்சம்தான் என்னை நடுங்க வைத்தது. கெட்ட எண்ணத்தோடு வந்த ஏதோ ஒன்று என்றால் அலறியிருப்பேன். இது வெட்கப்பட்டது. தண்ணீர் ஆறிப் போகும்வரை துண்டைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கம் அந்தப் பருவத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். விளக்குப் போடுகிற அந்த நேரத்துக்கு நெவில் கராஜுக்குப் போய்விடுவான். இரண்டு கோப்பை டீயோடு போவான். நடுச்சுவர் ஒன்றுதான், சமையலறையில் நின்றால் எல்லாம் கேட்கும். முதலில் இழைக்கிற சத்தம் வரும். நீளமாக, ஒரே சீராக, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. நெவிலுக்கு அப்படி இழைக்க வராது. பிறகு சத்தம் நிற்கும். நெவில் பேச ஆரம்பிப்பான். விட்பி கடற்கரையில் நாம் மீன் வறுவல் தின்றோமே, கடல்காக்கா உன் பொட்டலத்தைக் கொத்திக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா என்பான். அந்தக் கதை எனக்குத் தெரியும். அது எங்கள் தேன்நிலவில் நடந்தது. பொட்டலம் என்னுடையது.

சொல்லி முடித்துவிட்டு நிறுத்துவான். எதிராளி பேசுகிற அளவுக்கு ஒரு மௌனம். பிறகு நெவில் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் சந்தைகளில் கேட்டிருக்கிறேன். பயந்துபோன சிரிப்பு.

நாளாக ஆக ஆள் உருகிக்கொண்டே வந்தான். தட்டில் வைத்தது தட்டிலேயே இருந்தது. என்னுடைய அப்பாவின் கதைகளைக்கூட எடுத்து ஏமஸின் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நிறுத்தித் தொலை, உள்ளதைச் சொல்லிவிடு என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் குழந்தை மாதிரி விசும்பினான். இன்னும் ஒன்று சொல்லு, இன்னும் ஒன்று சொல்லு என்று அவர் கேட்கிறாராம். தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லையாம். இனிமேல் போய் எல்லாம் பொய் என்று எந்த மூஞ்சியோடு சொல்வது என்றான்.

"வீட்டுக்கு வான்னு கூப்பிடறாரு, டோரீன். ஞாயித்துக்கிழமை."

"யார் வீட்டுக்கு?"

"அவரு வீட்டுக்கு. வரேன்னு சொல்லிட்டேன்."

செத்தவன் வீட்டுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொள்கிற ஆள் உலகத்தில் உண்டா? அவன் கையைப் பார்த்தேன், நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"அவ்வளவு ஆசையா கூப்பிடறாரு. எப்படி வேணாம்னு சொல்றது?"

என் புருஷன் இந்த உலகத்தை விட்டுப் போகப் போகிறான், அதுவும் மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு போகப் போகிறான் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் அந்த இழைப்புளியைத் துண்டோடு சுருட்டிக் காரில் போட்டேன். பெல்ட்டையும் நானே போட்டுவிட்டேன். சந்தையில் பன் விற்ற வண்டிக்காரர் வாரநாளில் ஸ்கிப்டன் கடைத்தெருவில் நிற்பார், அவருக்குத் தெரியாத முகம் கிடையாது. பச்சைக் கார், பெரிய கோட்டு என்றதும், ஐவியம்மாவா என்று ஊரைச் சொல்லி வழியும் சொன்னார்.

மலைச்சரிவில் நாலைந்து கல் வீடுகள். கடைசி வீடு ஐவியுடையது. அதை ஒட்டி இன்னொரு வீடு கூரை சரிந்து கிடந்தது, அதன் பின்னால் ஒரு தச்சுப் பட்டறை. ஐவி கதவைத் திறந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"அதை உள்ள கொண்டு வராத, கண்ணு. கார்ல வச்சிட்டு வா."

வைத்துவிட்டுப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். நான் கேட்காமலே அவள் பேசினாள். ஏமஸ் பக்கத்து வீட்டுக்காரர். குடிகாரரோ சண்டைக்காரரோ இல்லை. கூச்சக்காரர். எதிரில் வந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவார். வேண்டிய வேலையைச் செய்து கொடுப்பார், உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவரும் வந்ததில்லை. ஒரு இலையுதிர் காலத்தில் பட்டறையிலேயே செத்துப்போனார். வசந்தம் வந்து, கூரைக்காரன் ஏணி கேட்கப் போனபோதுதான் தெரிந்தது.

"என் ஜன்னலைத் தெறந்தா அந்தப் பட்டறைதான். குளிர்காலம் பூரா லைட்டு எரிஞ்சுச்சு. வேலை செய்யறாருன்னு நெனச்சோம். வில்ஃபும் பார்த்தாரு, நானும் பார்த்தேன். ஒரு எட்டு போய் எட்டிப் பார்க்கல."

சாமான்களை வில்ஃப் எடுத்து வந்தார். அன்றிலிருந்து விளக்குப் போடுகிற நேரத்தில் இழைக்கிற சத்தம். வாசலில் யாராவது வந்தால் சத்தம் நிற்கும். அவர்கள் போனதும் காதோரம் ஒரு கேள்வி வரும், என்னைத் தேடி யாராவது வந்தாங்களா என்று. இல்லை ஏமஸ் என்று வில்ஃப் சொல்வார். வில்ஃப் போன பிறகு அவள் சொன்னாள். மறுபடி இழைக்கிற சத்தம் தொடரும். இத்தனை வருஷமும் இதுதான்.

நான் கோப்பையை வைத்தேன். என் வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் பொய், அவருக்கு ஏமஸ் யாரென்றே தெரியாது என்றேன். சொல்லும்போது முகம் தீயாக எரிந்தது.

"தெரியும், கண்ணு. மரத்துல இருந்ததைப் படிச்சாரு. உன் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு."

"தெரிஞ்சுமா கொடுத்தீங்க?"

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "இன்னொருத்தர் வந்து பொய் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்," என்றாள். அவள் தலை நிமிரவே இல்லை. வாசல் வரை வந்தாள், கார் இருந்த பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவில்லை.

திரும்பி வரும்போது பின் சீட்டு பெல்ட்டைப் போட மறந்துவிட்டேன், ஆனாலும் மணி அடிக்கவில்லை. வழியெல்லாம் நான் அழுதேன். ஐவிமேல் ஆத்திரம், நெவில்மேல் ஆத்திரம், எல்லாவற்றையும்விட அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்ற என்மேல்தான் ஆத்திரம். பின் சீட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஆறுதல் சொல்ல வாயெடுத்துவிட்டு வேண்டாமென்று நிறுத்திக்கொண்டவர் கனைப்பதுபோல இருந்தது.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடுகிற நேரம். நெவில் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான், எதிரே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. இழைப்புளியை மேசைமேல் பொத்தென்று வைத்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினேன்.

"மிஸ்டர் கார்சைட், இவனுக்கு உங்களைத் தெரியாது. மரத்துல உங்க பேரைப் படிச்சான். அந்த விட்பி கதை எங்களோடது. சொன்னது அத்தனையும் பொய். என் புருஷன் ஒரு பொய்யன். நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எங்க ரெண்டு பேரையும் மன்னிச்சுட்டு, போயிடுங்க."

நெவில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் வாழ்க்கையில் யாரும் அவனை அப்படி ஆள் முன்னால் வைத்துச் சொன்னதில்லை. நான் சொன்னேன். எனக்கே அவமானமாக இருந்தது, நாற்காலி அவ்வளவு அமைதியாக இருந்தது.

சமையலறை சில்லிட்டது.

கூரையில் மழை விழுகிற சத்தம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

நெவிலின் அழுகை மெல்ல அடங்கியது. முகத்தை மூடியபடியே தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அவருக்குத் தெரியுமாம், டோரீன்," என்றான் விரல்களுக்குள்ளிருந்து. "அந்த வயல்லயே தெரியுமாம்."

"அப்புறம் எதுக்கு வந்தாராம்?"

"பொய்யா இருந்தாலும், தேடி வந்தேன்னு ஒருத்தன் சொன்னானே, அதுக்காகவாம்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நெவில் மறுபடி தலையைச் சாய்த்தான்.

"நீ வாயைத் திறக்காம இருந்ததுக்கும் கோபம் இல்லையாம். அவரு பொண்ணுங்களோட பேசிப் பழக்கமில்லையாம், அதான் இத்தனை நாள் உன்கிட்ட வரலையாம். ஞாயித்துக்கிழமை உன்னையும் வரச் சொல்றாரு."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தெய்வத்தின்மேல் ஆணையாக அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

நெவிலின் இரண்டு கைகளும் அவன் முகத்தின்மேல் இருந்தன.

அகலமான கை. கோட்டைத் தாண்டி, ஸ்வெட்டரைத் தாண்டி எலும்பு வரை குளிர் இறங்கியது. அழுகிறவர்களைத் தட்டிக்கொடுப்பார்களே, அப்படி மெதுவாகத் தட்டியது. தப்பாகிவிடுமோ என்று பயந்து பயந்து தட்டியது. மரியாதை, மரியாதை என்று சின்ன வயதிலிருந்து அடித்து வளர்த்த பழக்கம் எங்களுடையது. யார் எதை நீட்டினாலும், யார் எங்கே கூப்பிட்டாலும், மூளைக்கு முன்னால் வாய் ஒத்துக்கொண்டுவிடும்.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றேன்.

தட்டுவது நின்றது. கை மட்டும் விலகவில்லை.

இன்று சனிக்கிழமை. நெவில் மாடியில் கோட்டுக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறான், என்னுடையதையும் எடுத்து வைத்திருக்கிறான். என் இடது தோளில் இன்னும் அந்தக் கை இருக்கிறது.